மூன்று மாடிக் காகித வீடு

இதனால் சகல உற்றார் உறவினருக்கும், மாதோவு வட்டாரப் பால்மீன் வளர்ப்போர் சங்கத்தின் மும்முறைத் தலைவர் கோ துங்லியாங் ஒலிபெருக்கியில் தெரிவித்துக்கொண்டது என்னவென்றால்: அமரரான தம் அக்கா கோ யூச்சுவுக்கு மேலுலகில் ஒரு குறையும் இருக்காது. மூன்று மாடி வீடு. இரண்டு கார், நான்கு வேலைக்காரர், வாசலில் காவலாளி. எல்லாம் மூங்கிலும் காகிதமும். மதியம் கொளுத்தப்படும்; எரிந்தால் அக்காவிடம் போய்ச் சேரும்.

"எழுபத்தொரு வருஷம் கல்யாணம் காட்சி இல்லாம, குடும்பத்துக்காகவே வாழ்ந்த ஜீவன்!" குரல் தழுதழுத்தது. ஒலிபெருக்கியும் சற்றுக் கீச்சிட்டது.

பந்தலில் நின்ற அவர் மகள் பெய்ரோங் தரையைப் பார்த்தாள். குடும்பத்துக்காக வாழ்ந்த விஷயம் அத்தைக்கே தெரியாது. அத்தை மீன்குட்டைக் கரையில் ஒரு பழைய கண்டெய்னரில் தனியாக இருந்து, மோட்டார் பழுதுபார்த்துப் பிழைத்தாள். அறுபது வயதில் ஸ்கூட்டரிலேயே தீவைச் சுற்றிவந்தாள். ஒருமுறை பட்டத்தில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு ஊரையே படமெடுத்தாள். தலைவரின் குட்டை புறம்போக்கில் நாலடி நீண்டிருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. அக்காவும் தம்பியும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை.

கண்டெய்னர் கதவைக் கழற்றி மேசையாக்கியிருந்தாள். "கதவு இருந்தா யார் வர்றானு எந்திரிச்சுப் போய்ப் பாக்கணும். இப்ப உக்காந்த எடத்துலயே தெரியுது."

பிறகு மூளையில் ரத்தக் கசிவு. தம்பி வீட்டு மூன்றாம் மாடி அறை. எங்காவது போய்விடுவாள் என்று வெளியே தாழ்ப்பாள். எட்டு மாதம். ஞாயிறுதோறும் வந்து பார்த்துவிட்டுப் போகையில் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டது பெய்ரோங்தான். படியிறங்கும்போது உள்ளே சுரண்டுகிற சத்தம் கேட்கும். நேற்றுதான் பார்த்தாள்: கதவின் கீலில் மூன்று திருகாணிகளைக் கரண்டிக் காம்பால் கழற்றியிருந்தாள் அத்தை. நான்காவது துருப்பிடித்து இறுகியிருந்தது.

காகித வீடு செய்த லின், கூரைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கதவு தொறக்குமா, அண்ணே?"

"ஒட்டினதும்மா. தொறந்து வச்சா போற வர்ற பேயெல்லாம் உள்ள பூந்துரும்."

"ஒரு கட்டர் குடுங்க."

லின் அவளை ஒரு கணம் பார்த்தார். "என் பட்டறை மோட்டார் இன்னிக்கும் ஓடுதுன்னா அவங்கதான் காரணம்," என்று கட்டரை நீட்டினார். "நான் டீ குடிக்கப் போறேன். எதையும் பாக்கல."

ஒரு பக்கத்தை விட்டு, மூன்று பக்கமும் வெட்டினாள். கதவு திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். வெறும் மூங்கில் குச்சிகள்.

டீயோடு திரும்பியவரிடம் கேட்டாள்: "மாடிக்குப் படி எங்க?"

"படியா?" லின் தலையைச் சொறிந்தார். "இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லையேம்மா."

"எவன்டா கதவைப் பிச்சது?" அப்பா வந்துவிட்டார்.

"நான்தான்ப்பா. அத்தைக்கு..."

"அத்தைக்கு என்ன? தொறந்து கெடந்தா எங்கயாவது போயிருவா."

சொல்லிவிட்டு லினிடம் கையை நீட்டினார். பிறகு டேப்பை வாங்கி, கதவின் நான்கு பக்கமும் தானே ஒட்டினார்.

மதியம் உறவினர்கள் காகித வீட்டைச் சுற்றி வட்டமாக நின்று ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வேற்றுப் பேய்கள் நுழையாமலிருக்க.

"யாரும் கயிற விடக்கூடாது! ஒரு கை விட்டாலும் வட்டம் ஒடஞ்சிரும்!" ஒலிபெருக்கி.

விரல்களைத் தளர்த்தினால் போதும், அத்தை வெளியே போக வழி கிடைக்கும். கதவு திறக்கட்டும், விட்டுவிடலாம் என்று பெய்ரோங் காத்திருந்தாள்.

காவலாளி முதலில் எரிந்தான். கார்கள் எரிந்தன. டேப் சுருங்கி உருகி, கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. சில நொடிகள் அப்படியே நின்றது.

பெய்ரோங் கயிற்றைக் கடைசிவரை பிடித்திருந்தாள்.