கண்ணில் படும்படி

சாலையை அகலப்படுத்தும் வேலையில் அவளுக்குக் கிடைத்தது பலகை பிடிக்கிற வேலை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. பாதிச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால், இரண்டு பக்கத்து வண்டிகளையும் மாற்றி மாற்றி விட வேண்டும். முதல் நாள் சூப்பர்வைசர் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டை ஒன்றைக் கொடுத்து, இங்கிலீஷில் ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டார். யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் அவரே விளக்கினார்.

“அடிபட்டு வீங்கின கட்டைவிரல் மாதிரி தனியாத் தெரியணும்னு அர்த்தம். தூரத்துல வர்ற டிரைவர் கண்ணுலயும் நீ படணும்.”

வீங்கின விரலை வைத்துக்கொண்டு எவன் வேலை செய்வான் என்று தார் ஊற்றும் அக்கா முணுமுணுக்க, எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வழியாகப் பேருந்து ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா. அதற்காகவேதான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

மனசுக்குப் பிடித்த எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம். அம்மா மட்டும் ஒளித்து மறைத்து போனில் பேசுவாள். அப்பா அவள் பேச்சையே எடுப்பதில்லையாம்.

பேருந்து ஒரு நாளைக்கு நான்கு தடவை வரும். முதல் தடவை கை தானாகவே சிவப்பைத் திருப்பியது. பத்தடி தள்ளி வண்டி நின்றது. அப்பாவின் புருவம்வரை நரை ஏறியிருந்தது. அவள் தலைக்கவசத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு முகத்தைக் காட்டி நின்றாள். அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படித்தான். ஒரு தடவை வேண்டுமென்றே சிவப்பை இறக்காமல் வைத்திருந்தாள். பின்னால் வண்டிகள் அலறின, மேஸ்திரி ஓடி வந்து அவளைக் கிழிகிழியென்று கிழித்தார். அப்பா மட்டும் ஹாரன் அடிக்கவேயில்லை.

நேராகப் போய்க் கண்ணாடியைத் தட்டு என்றான் புருஷன். அவராகப் பார்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். வாரங்கள் போகப் போக, அந்தப் பிடிவாதம் வெறும் ஏக்கமாகக் கரைந்தது.

மூன்றாம் மாதம் ஒருநாள், வண்டி நின்ற நேரத்தில் கண்டக்டர் இறங்கி வந்து அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

“அண்ணனுக்கு வெளியூர் ரூட்டு கொடுத்தாங்கம்மா. சொகுசு வண்டி. வேணாம்னுட்டாரு. இந்த இடம் வந்துட்டாப் போதும், பேசிக்கிட்டிருந்தவரு அப்படியே வாயை மூடிக்குவாரு.”

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே சாலை வேலை முடிந்தது. கடைசி நாள் சாயங்காலம், பச்சைப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோதே பேருந்து அவள் பக்கத்தில் வந்து நின்றது. அப்பா சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

“நாளைக்கு எங்க நிப்ப?”

“ஆத்துப் பாலத்துக்கிட்டப்பா.”

“அது நம்ம ரூட்டு இல்லையே” என்றார். கொஞ்ச நேரம் கியரைப் பிடித்தபடி இருந்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாலத்தில் ஒன்பது நாள் ஒவ்வொரு பேருந்தாகப் பார்த்துக் கண் பூத்துப் போயிற்று. பத்தாம் நாள் மத்தியானம், கட்டம் போட்ட சட்டையில் ஒரு பெரியவர் எதிர்ப்பக்கம் பேருந்திலிருந்து இறங்கி, சாலையைக் கடக்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். காக்கி இல்லாமல் அவரை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

பக்கத்தில் வந்து நின்றவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எத்தனை மணிக்கு முடியும்?”

“நாலாகும்பா.”

“சரி, நீ வேலையைப் பாரு” என்று சொல்லிவிட்டு, பாலத்தின் கைப்பிடிச் சுவர் நிழலில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துகொண்டார்.