மேஸ்திரிக்குப் போட்ட நீலம்

கொக்கு வளர்த்த வீடு என்று எங்களைத் தவிர இன்னொரு வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம். கிளி வளர்க்கிறார்கள், புறா வளர்க்கிறார்கள், பெயரே வாயில் நுழையாத பறவைகளைக் கூண்டில் வைத்து விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார்கள். எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு, கூண்டும் இல்லாமல் கயிறும் இல்லாமல், ஈரத் தரையில் எங்களோடு நடந்து திரிந்தது. "தலையில வெண்ணெய் வெச்சுப் பிடிச்சீங்களா?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. கொஞ்ச நாள் சிரித்தேன். அப்புறம் முறைக்க ஆரம்பித்துவிட்டேன்.

நாங்கள் பிடிக்கவில்லை. அதுவாகத்தான் வந்தது. மொட்டைமாடிக்குப் பின்னால் ஏரி, ஏரிக்கரையில் பெரிய மரங்கள், மரம் நிறையக் கொக்குகள். காற்று சுழற்றியடித்த ஒரு காலையில் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளை அவசரமாக எடுக்கப்போன அண்ணி, ஒரு விரிப்பு மட்டும் கனமாகத் தொங்குவதைப் பார்த்தார். அதன் மடிப்புக்குள் ஒரு குஞ்சு கிடந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்த முடி, முகம் முழுக்க மூக்கு. "பழைய ஷேவிங் பிரஷ்ஷுக்கு உயிர் வந்த மாதிரி இருக்குக்கா" என்றார் என் வீட்டுக்காரர். "சும்மா இருடா, பயந்துடும்" என்று அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார் அண்ணி.

அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். தம்பியோடு சேர்ந்து சலவைக்கூடத்தை நடத்துகிறார். ஓட்டல் விரிப்புகளும் மேசைத்துணிகளும்தான் எங்கள் பிழைப்பு. கறையைத் தவிர வேறு எதன் மேலும் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கோபம் என்பது என் இலாகா.

மீன்காரம்மா கூடையின் அடியில் தங்கும் பொடி மீன்களைத் தனியாக எடுத்துவைத்துக் கொடுப்பார். அண்ணி அதை விரல் நுனியில் பிடித்து நீட்ட, குஞ்சு மீனையும் விரலையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும். அப்படித்தான் வளர்ந்தது. முடி கொட்டி இறகு முளைத்தது. கழுத்து நீண்டது. ஒருநாள் எழுந்து நடக்க ஆரம்பித்தது. அந்த நடை இருக்கிறதே! கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு தொட்டி முன்னாலும் நின்று, ஒரு காலைத் தூக்கியபடி தலையைச் சாய்த்து உள்ளே பார்க்கும். திருப்தியானால் அடுத்த தொட்டிக்குப் போகும். என் வீட்டுக்காரர் வேலைக்கு நடுவில் டீ குடிக்க உட்கார்ந்தால் நேராக அவர் எதிரில் போய் நின்று, அவர் எழுந்திருக்கும்வரை கண்ணை எடுக்காது. "வந்துட்டாருய்யா மேஸ்திரி" என்று அலுத்துக்கொண்டே எழுந்துவிடுவார். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அந்தக் காலைகள் எனக்கு இப்போதும் தூக்கத்தில் வருகின்றன. விடியும்போது கொதிகலனைத் திறந்தால் கூடம் முழுக்க ஆவி நிறைந்துவிடும். ஆவியும் வெள்ளை, தொங்குகிற விரிப்புகளும் வெள்ளை, கொக்கும் வெள்ளை. அது நடந்து போகும்போது இரண்டு கறுப்புக் கால்களும் ஒரு மஞ்சள் மூக்கும் மட்டும் தனியாகப் போகும். அண்ணி ஏதோ ஒரு பாட்டை வாய் திறக்காமல் முனகிக்கொண்டே அலசுவார். அவர் நிறுத்தினால் மஞ்சள் மூக்கும் நிற்கும். மறுபடி முனகினால் மறுபடி நகரும். யாரும் எதுவும் பேசமாட்டோம். அந்த முனகலும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும் இருக்கும். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நன்றாக இருக்கிறேன் என்று எனக்கே தோன்றிய நேரம் அதுதான்.

அதற்காக அது செய்த அட்டகாசத்தை மறைக்கமாட்டேன். வெளுத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கிய விரிப்பின் உச்சியில் ஏறி நின்று, தன் முத்திரையைப் போட்டுவிட்டு இறங்கும். "இதுக்கு ஒரு மேஸ்திரி, அதுக்குச் சம்பளமா தினம் மீன் வேற!" என்று நான் துடைப்பத்தைத் தூக்குவேன். அது அண்ணியின் பின்னால் போய் நின்றுகொள்ளும். அண்ணி அந்த விரிப்பை எடுத்துப்போய்த் திரும்பவும் துவைப்பார்.

பறக்க ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் கவலை வந்தது. சாயங்காலமானால் மாடிக் கைப்பிடிச் சுவரில் போய் நிற்கும். ஏரிக்கு அப்பாலிருந்து கூட்டம் கூட்டமாகக் கொக்குகள் வந்து மரத்தில் இறங்கும். மேஸ்திரி கழுத்தை முழுசாக நீட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். கடைசிக் கொக்கும் அடங்கிய பிறகு, படியிறங்கி இஸ்திரி மேசைக்கு மேலே இருக்கும் கம்பிக்கு வந்துவிடும்.

"அது போகணும்மா" என்றார் அண்ணி. "நம்மகூடவே இருந்தா அதுக்குக் கடைசிவரைக்கும் நாமதான். ஒரு கூடு கட்ட முடியுமா, குஞ்சு பொரிக்க முடியுமா? நம்மால மீன் வாங்கிப் போட முடியும், அவ்வளவுதான்."

"போனா போகட்டும், விரிப்பாவது மிஞ்சும்" என்றேன். எனக்கும் அதை விட மனசில்லை. அதை மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்பது அண்ணிக்கும் தெரியும்.

அவருடைய கவலை வேறு மாதிரிப் போனது. மரத்துக் கொக்குகளையும் எங்கள் கொக்கையும் மாறி மாறிப் பார்த்தார். கொதிகலன் புகையில் வளர்ந்த எங்கள் மேஸ்திரி கொஞ்சம் பழுப்புதான். உங்களுக்கும் எனக்கும் வெள்ளை ஒன்றுதான். அண்ணிக்கு வெள்ளையில் பல தினுசு உண்டு. பழுப்பு என்பது அவர் அகராதியில் வசைச்சொல். "இப்படியே போய் நின்னா சேத்துக்குவாங்களா? பளிச்சுன்னு அனுப்ப வேணாமா?" என்று இரண்டு நாள் புலம்பினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் நான் ஓட்டலுக்குத் துணி கொடுத்துவிட்டு வந்தபோது, இஸ்திரி மேசை மேல் ஒரு நீலக் கொக்கு நின்றிருந்தது.

மங்கலான நீலம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் மைப்புட்டியில் விழுந்து எழுந்த நீலம். பக்கத்தில் மணிக்கட்டுவரை நீலக் கைகளோடு அண்ணி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை.

நடந்தது இதுதான். வெள்ளைத் துணியைச் சோப்பில் துவைத்து அலசிய பிறகு, கடைசித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து முக்குவோம். அந்தத் துளி நீலம்தான் பழுப்பை அமுக்கி வெள்ளையைத் தூக்கிக் காட்டும். பருத்தி அதை அளவாகக் குடிக்கும். பட்டும் கம்பளியும் அப்படியில்லை, நீலத்தைக் கண்டால் ஒரே இழுப்பாக இழுத்துக்கொள்ளும். அதனால் அவற்றை அந்தத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகமாட்டோம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அண்ணிதான். இறகு கம்பளிக்கு நெருங்கிய சொந்தம் என்பது மட்டும் அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை. மேஸ்திரியும் நம்பிக்கையாகத் தொட்டியில் இறங்கி நின்றிருக்கிறது. வலிக்காமல், அவசரப்படாமல், ஒவ்வொரு இறகாகத் தேய்த்திருக்கிறார்.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்காச்சுன்னு சொல்லுவாங்க, இங்க கொக்கு பிடிக்க மயிலா ஆக்கியிருக்கீங்க! இதுக்குப் பழுப்பே மேல் இல்லையா அண்ணி? இனி யாரு இதைக் கொக்குன்னு சொல்லுவா?" நான் கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் எட்டிப்பார்த்தார்கள். அண்ணி நீலக் கையாலேயே அதன் முதுகை நீவிக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அலசிப் பார்த்தோம். ஊறவைத்துப் பார்த்தோம். நீலம் அசையவில்லை. "லேசா பிளீச்சிங் பவுடர் போட்டா..." என்று ஆரம்பித்த என் வீட்டுக்காரர் மேல் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பாய்ந்த பாய்ச்சலில் அவர் அன்று முழுக்க மாடிப்பக்கம் வரவில்லை. இறகு உதிர்ந்து புதிதாக முளைத்தால்தான் உண்டு.

அன்று சாயங்காலம் மேஸ்திரி முதல்முறையாக மரத்துக்குப் பறந்தது. எத்தனையோ நாள் தயங்கியது, அந்தக் கோலத்தில்தானா போகவேண்டும்! கிளையில் இறங்கியதும் ஒரே கூச்சல். பக்கத்திலிருந்தவை தள்ளித் தள்ளி உட்கார்ந்தன. இரண்டு பெரிய கொக்குகள் கொத்திக் கொத்தி விரட்டின. திரும்பி வந்து கைப்பிடிச் சுவரில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அண்ணி பொடி மீனை நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாளும் போனது. மறுநாளும் விரட்டினார்கள். விரட்ட விரட்டப் போனது. எங்கள் மேஸ்திரிக்கு வெட்கம் கிடையாது என்று நான் முன்பெல்லாம் திட்டியிருக்கிறேன், அந்த வெட்கம்கெட்ட குணம்தான் அதைக் காப்பாற்றியது. முதலில் யாரும் உட்காராத கீழ்க்கிளை. பிறகு அதற்கு மேல்கிளையின் நுனி. அண்ணி அந்த நாட்களில் சாப்பாட்டைப் பேருக்குக் கொறித்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார். நான் அவரோடு பேசாமல் இருந்தேன், ஆனால் நானும் போய்ப் பக்கத்தில் நிற்பேன். ஒரு சாயங்காலம் அது திரும்பவில்லை. விடிந்ததும் இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். மரம் முழுக்க வெள்ளை. நடுவில் ஒரே ஒரு நீலம், இரண்டு வெள்ளைக் கொக்குகளுக்கு இடையில் கழுத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. என்ன பேசி முடித்தார்களோ, யாருக்குத் தெரியும்? அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை.

அதன் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிறது. அந்த நீலம், சொல்லப்போனால், எங்களுக்கு வரமாகிவிட்டது. ஏரிக்கு அப்பால் ஆயிரம் கொக்கு பறந்தாலும் எங்களுடையது எது என்று எங்களுக்குத் தெரியும். "அதோ!" என்பார் அண்ணி. துணி எடுக்க வந்தவர்களும் அண்ணாந்து "அதோ!" என்பார்கள். மழை பெய்த நாளில் ஈர வயலுக்கு மேல் ஒரு நீலப் புள்ளி மட்டும் மிதந்து போகும். சில காலைகளில் மேஸ்திரி மாடிக்கு இறங்கி, அண்ணி கையால் ஒரு மீன் வாங்கிக்கொண்டு, கொடியில் தொங்கும் விரிப்புகளைச் சோதனை போட்டுவிட்டுப் போகும்.

பிறகு இறகு உதிர ஆரம்பித்தது. முதலில் கழுத்து வெளுத்தது, பிறகு முதுகு. இதைத்தானே வேண்டினோம், ஆனால் ஒவ்வொரு நீல இறகு விழும்போதும் அண்ணியின் முகம் வாடியது. கடைசியில் வலது இறக்கையில் ஒரே ஒரு நீல இறகு மிஞ்சியது. மரத்தில் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது. அதுவும் விழுந்துவிட்டால், மேஸ்திரி உயிரோடிருக்கிறதா இல்லையா என்றுகூட எங்களால் சொல்லமுடியாது.

ஒரு காலையில் அது மாடிக்கு வந்தது. அண்ணி மீனைக் கொடுத்துவிட்டு, மெதுவாக அதை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தார். அது திமிறவில்லை. "ஏம்மா, இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார். அவர் இடுப்பில் குறிப்பேனா செருகியிருந்தது. எங்களிடம் வரும் ஒவ்வொரு துணியிலும் யாருடையது என்று அழியாத மையில் குறி போடுவோம், அந்தப் பேனா.

"இறக்கையில பட்டையா ஒரு கோடு மட்டும். தூரத்துலேர்ந்து தெரிஞ்சா போதும்" என்றார். "நீ போடு. என் கை ராசி உனக்குத்தான் தெரியுமே."

வாங்கினேன். மூடியைத் திறந்தேன். அவர் இறக்கையை விரித்துப் பிடித்தார். அவ்வளவு வெள்ளையை நான் எங்கள் கூடத்தில் பார்த்ததே இல்லை. உள்ளே அதன் இதயம் படபடவென்று அடிப்பது அண்ணியின் விரல்களில் தெரிந்தது. மரத்தில் மற்றக் கொக்குகள் கிளம்பத் தயாராகிச் சிறகைச் சிலுப்பிக்கொண்டிருந்தன. அந்த முதல் சாயங்காலத்துக் கூச்சல் என் காதில் கேட்டது. எனக்கும் ஆசைதான், அண்ணியைவிடக் குறைவாக இல்லை. நாளைக்கும் "அதோ" என்று சொல்லவேண்டும் போல இருந்தது. அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவை மூடினேன்.

"மை காஞ்சு போயிருக்கு அண்ணி" என்றேன்.

"அப்படியா" என்றார். பிறகு இறக்கையை மடித்து, நீவிவிட்டு, கையைத் தளர்த்தினார். மேஸ்திரி கைப்பிடிச் சுவரில் ஒரு நிமிஷம் நின்றது. கூட்டம் மரத்திலிருந்து எழும்பியது, இதுவும் எழும்பியது. ஏரியின் பாதிவரைக்கும் அது எது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை.

கீழே வந்தோம். வண்டி நிறைய அழுக்குத்துணி காத்திருந்தது. அண்ணி முதல் விரிப்பை மடியில் போட்டு, ஓரத்தை இழுத்துப் பிடித்து, என்னிடம் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். என் கண் எதிரிலேயே, ஒரு விரிப்பு விடாமல், கறுகறுவென்று குறி போட்டுக்கொண்டே போனார்.