மூன்றாவது பட்டை

தன் முதுகை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. யாருக்குத்தான் தன் முதுகு தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுடையது நேராக இருக்கும், கேட்பீர்கள். அவளுடையது நடுவில் இடப்பக்கம் ஒதுங்கி, பிறகு ஏதோ யோசித்துத் திரும்பி வந்த முதுகு. ஊரே பார்த்துப் பரிதாபப்பட்ட ஒன்றை அவள் மட்டும் கண்ணாடியில் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தாள்.

அதனால்தான் தம்பி கூப்பிட்டதும் தையல் மிஷினை மூடிவிட்டு ஓடினாள். தம்பி கம்ப்யூட்டரில் உடம்பு செய்கிற கலைஞன். சம்மணமிட்ட ஒரு பெண், முதுகுத்தண்டின் அடியிலிருந்து உச்சந்தலைவரை மூச்சோடு மூச்சாக ஏறும் ஒளி. அதுதான் அவனுடைய புதுப் படைப்பு. “உன் முதுகை உள்ளது உள்ளபடி காட்டுறேன்க்கா” என்று வாக்குக் கொடுத்திருந்தான். அவளும் அறுபது கேமராக்களுக்கு நடுவே கல்லுப்பிள்ளையாராட்டம் அசையாமல் உட்கார்ந்தாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம் தன் அறையில் திரையைப் போட்டுக் காட்டினான். பின்கழுத்து மச்சம் அவளுடையதுதான். கலைந்த கொண்டையும் அவளுடையதுதான். கீழே மட்டும் நூல் பிடித்தாற்போல் ஒரு முதுகு. ஒளி அதில் சிக்கலே இல்லாமல் மேலேறியது.

“யாருடா இது?”

“நீதான். தண்டை நிமித்திட்டு ஒரு பாதியை மட்டும் செதுக்கினேன். மறுபாதியை கம்ப்யூட்டரே கண்ணாடி மாதிரி போட்டுரும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க.”

“எந்தப் பாதி?”

“வலது. அதுதான் நல்லா இருந்துச்சு.”

“இருபது வருஷமா ஆளுங்களை அளக்கறேன். ரெண்டு தோளும் ஒரே அளவா இருந்த ஒருத்தரைக்கூட நான் பாத்ததில்ல.”

தம்பி சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு பாதியிலேயே முட்டியது. அந்த முட்டலை அவளுக்கு நன்றாகத் தெரியும். பதின்மூன்று வயதிலிருந்து ஐந்து வருடம், முதுகை நிமிர்த்துவதற்காக அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தவள் அவள். பின்னால் மூன்று பட்டைகள். அவளுக்குக் கை எட்டாது. தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் தம்பிதான் இறுக்குவான். மூன்றாவது பட்டை ‘டக்’கென்று மாட்டியதும், “வலிக்குதாக்கா?” என்று கேட்பான். முகத்தைப் பார்த்து ஒரு துளை தளர்த்திவிடுவான். தளர்த்தக் கூடாது என்று வைத்தியர் சொல்லியும் கேட்காத பயல்.

“டேய், மூணாவது பட்டையைக் கொஞ்சம் தளத்துடா” என்றாள்.

பழக்க தோஷம், அவன் கை தானாக அவள் முதுகுக்குப் போனது. ரவிக்கைதான் தட்டுப்பட்டது.

“இங்க ஒண்ணும் இல்லையேக்கா.”

“அங்க” என்று திரையைக் காட்டினாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினான். திரையில் இருந்தவள் மெதுவாக ஒதுங்கினாள். ஒரு தோள் இறங்கியது. விலா ஒரு பக்கம் புடைத்தது. ஒளி பாதி தூரம் ஏறி, வளைவில் திணறி நின்றது.

“பாரு, இங்க சிக்கிக்குது” என்றான்.

“எனக்கும் அங்கதான்டா வலிக்கும்.”

அக்கா கண் கொட்டாமல் பார்த்தாள். கோணல்தான். ஆனால் அந்தக் கோணல் மொத்தமும் அவளுடையது. சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது. அந்த உருவம் மூன்று தடவை மூச்சு விட்டது.

“நாளைக்கு வர்றவங்க நிம்மதி தேடி வர்றாங்கக்கா” என்றான் தம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

‘டக்.’

திரையில் முதுகு நிமிர்ந்தது. ஒளி தங்குதடையில்லாமல் உச்சிக்குப் போனது. அக்கா மூச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு, பழையபடி அவன் கேட்பான் என்று காத்திருந்தாள்.

அவன் கேட்கவில்லை.