ஏழாம் கட்டில்காரி

ஏழு மாதமாகச் சந்திரம்மாவுக்குப் பேச்சு சுருங்கிவிட்டது. சமைத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்; கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். சத்தியவேடு பக்கம் மந்திரிக்கிறவர்களிடமெல்லாம் கயிறு கட்டிப் பார்த்தும், மனைவிக்கு என்ன கோளாறு என்று முனிரத்தினத்துக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் வரும் தெலுங்கு சீரியல் ஒன்றுக்கு மட்டும் அவள் டி.வி. முன்னால் வந்து உட்காருவாள். மனநல ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற கதை அது.

ஒருநாள் அவளாகவே வாயைத் திறந்தாள்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கினு போ."

"அது நாடகம் சந்திரா."

"தெரியும். கூட்டிக்கினு போ."

தெரிந்தவள் எதற்குப் போகவேண்டும் என்கிறாள்? அவனுக்குத் தலை சுற்றியது. ஆனால் இத்தனை நாளில் அவள் கேட்டது இது ஒன்றுதான். பங்காளி கங்கையா ஷூட்டிங்குக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டுகிறவன். அவனிடம் இடம் விசாரித்து, திருப்பதிக்குப் பஸ் ஏறினார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்லூரி ஹாஸ்டலுக்கு ஆஸ்பத்திரி போர்டு மாட்டியிருந்தார்கள். பச்சைச் சட்டை போட்ட நோயாளிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டோடு வந்தவரைப் பார்த்து முனிரத்தினம் கைகூப்பினான். அவர் சிரித்துவிட்டுப் போனார். யார் நிஜம், யார் வேஷம் என்று புரியாமல், கூப்பிய கையை இறக்கவும் மறந்து நின்றான்.

சந்திரம்மா யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சீரியலில் ஏழாம் கட்டில் நோயாளியாக வரும் ஸ்வர்ணலதா வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சந்திரம்மா நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கும் அந்தக் கொரலு வலது காதுலதான கேக்குது?"

ஸ்வர்ணலதா விழித்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்காதுக்கா. எழுதிக் குடுக்கறாங்க, சொல்றேன். நான் புத்தூர்ல தையல்காரி."

"கெணத்தாண்ட வான்னு கூப்புடுதுன்னு சொன்னியே, அதுவும் எழுதிக் குடுத்ததா?"

"ஆமாக்கா. ஐதராபாத்துல யாரோ எழுதறாங்க. நான் பாத்ததில்ல."

"அப்ப அவங்களுக்கும் கேட்டிருக்கும். எனக்கு மட்டும் இல்ல."

பின்னால் நின்ற முனிரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் இறைக்க மோட்டார் இருந்தும் இவள் அடிக்கடி கிணற்றங்கரையில் போய் நிற்பாள். காற்று வாங்க நிற்கிறாள் என்று நினைத்திருந்தான்.

ஸ்வர்ணலதா தட்டைக் கீழே வைத்தாள். "இதுக்கு நிஜமாவே டாக்டர் இருக்காங்கக்கா. எங்க சித்தப்பா திருப்பதியிலதான் காட்டிக்கினு இருக்காரு. இன்னிக்கே போங்க." ஆஸ்பத்திரி பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள்.

அன்றைக்கே அங்கே போனார்கள். பெண் டாக்டர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். சந்திரம்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

"கூப்புடறது யார் குரல்னு தெரியுதா?"

அவள் முனிரத்தினத்தைக் கை காட்டினாள். "இவுரு கொரலு."

"நானா? நான் எப்ப கூப்டேன்?" என்றான் அவன். டாக்டர் அவனைப் பார்த்து, பொறுங்கள் என்பதுபோல் கையசைத்தார். தான் பேசாத பேச்சைத் தன் குரலே ஏழு மாதமாகப் பேசியிருக்கிறது. இதற்காக யாரிடம் மன்னிப்புக் கேட்பது, மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்றுகூட அவனுக்கு விளங்கவில்லை.

மாத்திரை தொடங்கி மூன்று மாதமாகிறது. குரல் எப்போதாவதுதான் வருகிறது என்கிறாள். கொல்லையிலிருந்து அவளைக் கூப்பிட முனிரத்தினத்துக்கு இன்னும் நா எழுவதில்லை. முன்னால் போய் நின்றுதான் பேசுகிறான். அவளும் அவன் வாய் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.