லியனார்ட்டுக்கு வந்த பிரதி

பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வந்திருப்பதாகப் பிரேமினி என்ற அந்தப் பெண் சொன்னபோதே எனக்கு அவள் மேல் சந்தேகம் விழுந்தது. எங்கள் நோர்வூட் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பேப்பரோடு வந்தவர்கள் யாரும் சும்மா வந்ததில்லை. நூலகத்துக்குப் புத்தகம் வேண்டுமென்றால் கடைக்குப் போகட்டுமே. என் ஒற்றை அறைக் காம்பராவில் என்ன இருக்கிறது?

"இனம், மதம் பத்திப் படிக்கிற பிள்ளைங்களுக்காகப் பழைய பதிவுங்களச் சேக்குறோங்க. பிறப்புச் சான்றிதழ், கோயில் நோட்டு, எது இருந்தாலும் போட்டோ எடுத்துட்டு இப்பவே குடுத்துருவேன்."

"எங்க இனம் என்னன்னு இன்னுமா தெரியல மிஸ்?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகரப்பெட்டியில் என் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதில் இருக்கும் பழனியாண்டி சின்ன வயதிலேயே காய்ச்சலில் செத்துப்போனவன்.

நான் மார்கிரட்டின் மகன் லியனார்ட். பிரஜாவுரிமை இல்லாதவர்களை இந்தியாவுக்கு அனுப்பிய கப்பலில் எங்களுக்குப் பேர் வந்திருந்த நேரத்தில் அம்மா செத்துப்போனாள். பத்து வயதுப் பையனைத் தனியாக அனுப்ப மனசு வராமல், பக்கத்துக் காம்பரா ராக்காயி இறந்த மகனின் சான்றிதழைக் கொடுத்து என்னைப் பழனியாண்டி ஆக்கினாள். அவளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருந்தது. லயத்துக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து திருநீறு பூசுகிறேன். அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, மகள் வினோதா டீச்சர் வேலைக்குக் கொடுத்த பேப்பர் எல்லாம் அந்தப் பேரில்தான் நிற்கின்றன. இது வெளியே வந்தால் அவள் கதி என்ன?

"எல்லாம் மண்சரிவுல போயிருச்சு மிஸ்."

பொய்தான். அவளும் விடவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"இது மாதா கோயில் பழைய ஞானஸ்நானப் பதிவுப் புத்தகத்தோட பிரதிங்க. லியனார்ட்னு இந்த லயத்துப் பிள்ளை. தெரியுமாங்க?"

என் பேர். கீழே மார்கிரட். பக்கத்தில் மை அப்பிய பெருவிரல் அடையாளம். கொழுந்து கிள்ளி வெடித்த விரல், குறுக்கே ஒரு கோடு ஓடியது. அம்மாவின் போட்டோ ஒன்றுகூட என்னிடம் கிடையாது. தொட்டுப் பார்க்கக் கை போனது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் இவள் ஆழம் பார்க்கிறாள் என்று கையை மடக்கிக்கொண்டேன்.

"தெரியாது மிஸ். கப்பலேறிப் போயிருப்பாங்க."

"சொந்தக்காரங்க?"

"ஒருத்தருமில்ல."

அவள் அதை எழுதிக்கொண்டாள். முகம் வாடிவிட்டது.

"யாராச்சும் இருந்தா இதக் குடுத்துட்டு வரலாம்னுதாங்க எடுத்துட்டு வந்தேன். வீட்டுல வச்சுக்குவாங்கன்னு நெனச்சேன்."

அவ்வளவுதானா? சொன்னதைத் திரும்பப் பெற வாயெடுத்தேன். சுவரில் வினோதா பட்டம் வாங்கிய படம் தொங்கியது. வாயை மூடிக்கொண்டேன்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஹட்டன் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள்.

"வாங்க, காட்டுறேன். பையக் குடுங்க, நான் தூக்கிட்டு வாறேன்."

ரோடு வரை அதை மார்போடு அணைத்துக்கொண்டே நடந்தேன். பஸ் வந்தது. கொடுத்துவிட்டேன்.