இலைக்கு ஆகாத காய்

ராஜஸ்ரீக்குக் காலிபிளவர் பிடிக்கும். மாடியில் பாலித்தீன் கூரையும் வலையும் வைத்துப் பசுமைக்குடில் போட்டதே அதற்காகத்தான். போன தை மாதம் இறந்துபோனாள். அவள் மிச்சம் வைத்த விதைகளை ஐப்பசியில் நான் போட்டேன். முதல் வருஷத் திதியன்று என் மனைவிக்குப் போடும் இலையில் காலிபிளவர் இருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வலைக்குள்ளும் புழு வந்தது. முதலில் கண்ணில் படுவது எச்சம்தான். குருத்தில் பச்சைக் குருணையாகக் கிடக்கும். இலையைத் திருப்பினால் நரம்போடு ஒட்டிக்கொண்டு, இலையின் நிறத்திலேயே புழு. கழக்கூட்டத்துக்குப் போகும் ஆபீஸ் பஸ் வருவதற்குள் ஒவ்வொன்றாக எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுவேன்.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த கீழ்வீட்டு மலையாளி ஷாஜி நின்றான்.

"எந்தா சுமந்த் சாரே, ஒரு மருந்து அடிச்சா தீர்ந்தில்லே?"

"வேண்டாம். சாப்பிடறதுக்கு."

"யாரு?"

"ராஜஸ்ரீ."

தொட்டியைப் பார்க்காமலே இறங்கிப் போனான்.

மற்ற செடிகளெல்லாம் சல்லடையாயின. ஒன்று மட்டும் பூ வைத்தது. திதிக்கு முந்தின நாள் காலையில் அதை அறுத்து அடுக்களையில் வைத்தேன்.

"இது எதுக்கு?" என்றாள் அம்மா.

"நாளைக்கு."

"நன்னாருக்கு! திதிக்குச் சீமைக் காய் ஆகாதுடா. புடலங்காய் வாங்கியாச்சு."

"அவளுக்குப் புடலங்காய் பிடிக்காதும்மா."

"பிடிக்கறது, பிடிக்காததெல்லாம் இருக்கறவாளுக்கு. வேணும்னா சாஸ்திரிகளைக் கேளு."

கேட்டேன். போனில் சிரித்தார். "அடுத்த வருஷம் பீட்சா வைக்கலாமான்னு கேட்பேள் போலிருக்கே!"

அம்மா பூவைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். சாயந்தரம் அங்கே வதக்கும் வாசனை வந்தது.

மறுநாள் காலையும் மாடிக்குப் போனேன். பழக்கம்தான். ஐஸ்கிரீம் டப்பாவில் பாதிக்குப் புழு சேர்ந்தது. படியிலிருந்து அம்மா கத்தினாள்:

"இன்னிக்கு ஒரு ஜீவனைக் கொல்லப்படாது, கேட்டியா!"

சோப்புத் தண்ணீர் ஊற்றவில்லை. டப்பாவைச் சுவரோரம் அப்படியே வைத்துவிட்டு இறங்கினேன்.

மத்தியானம் சாஸ்திரிகளும் நாங்களுமாகக் காக்கைக்கான பிண்டத்தை மாடிச் சுவர்மேல் வைத்தோம். காக்கை வந்தது. தொடவில்லை. அது எடுத்தால்தான் வீட்டில் இலை போடலாம். எல்லோருக்கும் பசி.

"ராஜி, வாடிம்மா, என் கண்ணோல்லியோ!" என்று அம்மா கூப்பிட்டாள். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

காக்கை பிண்டத்தைத் தாண்டிக் கீழே குதித்தது. டப்பாவுக்குள் அலகை விட்டது. ஒரு புழு. இன்னொன்று. நின்று நிதானமாகத் தின்றது. எங்கள் வீட்டில் அன்று காலிபிளவர் தின்றவை அந்தப் புழுக்கள் மட்டும்தான்.

சாஸ்திரிகள் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"காக்கா எடுத்துடுத்து. இலை போடலாம்."

"பாத்தியா!" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்கு ஒரு குறையும் இல்லடா."

காக்கை அலகைச் சுவரில் தேய்த்துவிட்டுப் பறந்தது. பிண்டம் வைத்த இடத்திலேயே இருந்தது.

கீழே போய் உட்கார்ந்தேன். புடலங்காய்க் கூட்டில் உப்பு சரியாக இருந்தது. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.