இருபத்திரண்டு படிகள்

சந்திரம்மா ஒரு காலைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

தன் காலை அல்ல. அவளுக்கு இரண்டும் இருந்தன. விடியற்காலையிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்கப் பெருக்கி ஓய்ந்த கால்கள். அவள் தேடியது மரக்காலை. தோல்பட்டையும் பித்தளைக் கொக்கியும் வைத்து, முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொள்வது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் டீச்சர்கள் ரூம் பெஞ்சின்மேல் இருந்தது. இப்போது இல்லை.

பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தாள். பேண்டு செட் வைத்திருக்கும் ரூமுக்குள் புகுந்து, கிழிந்த டிரம்முக்குள்ளேகூடக் கையை விட்டுத் துழாவினாள். தூசிதான் வந்தது.

மாடி ஹாலில் நானூறு பிள்ளைகள் உட்கார்ந்தாயிற்று. பதினோரு மணிக்குப் பேச்சு. ‘உடல் ஊனமும் உள்ளத் துணிவும். பேசுபவர்: நம் பள்ளியின் பழைய மாணவி செல்வி யூனிஸ்’ என்று வாசல் போர்டில் எழுதியிருந்தது. எழுதிய ஏழாம் வகுப்பு பாமா, படிக்கத் தெரியாத சந்திரம்மாவுக்காகச் சத்தமாகப் படித்தும் காட்டியிருந்தாள்.

யூனிஸுக்கு இருபத்துநான்கு வயசு. லிங்கராஜபுரத்துப் பெண், ஏதோ கம்பெனியில் டைப்பிஸ்ட். சின்ன வயசில் ஒரு மிலிட்டரி லாரி அவள் வலது காலை வாங்கிவிட்டது. மரக்கால் வந்து ஒரு மாசம்தான் ஆகிறது. தோல் புதுசு, உரசிப் புண்ணாகியிருந்தது. “வெந்நீர்ல துணி நனைச்சுக் குடுங்கம்மா” என்று கழற்றி வைத்தாள். சந்திரம்மா வெந்நீருக்குப் போய் வருவதற்குள் கால் மாயம். யூனிஸ் திரைக்குப் பின்னால் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யார் வந்தார்கள், யார் எடுத்தார்கள் என்று பார்க்கவில்லை.

அது கிடைக்காவிட்டால் யூனிஸைவிடச் சந்திரம்மாவுக்குத்தான் நஷ்டம். அந்த நஷ்டம் மாடிப்படியின் அடியில், மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தது. அவள் மகள் ருக்மிணி. ஆறு வயசு. ஒன்றரை வயசில் வந்த ஜுரத்தில் இடது கால் சூம்பிவிட்டது. இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டால் நடப்பாள்.

சந்திரம்மா அவளைத் திங்கட்கிழமை ஜோகுபாளையத்திலிருந்து நடத்தியே கூட்டிவந்து ஹெட்மாஸ்டர் கிருஷ்ணப்பா முன்னால் நிறுத்தினாள். அவர் பூட்ஸைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

“கிளாஸ் எல்லாம் மேலே இருக்கு சந்திரம்மா. இருபத்திரண்டு படி. ஏற முடியாது. குழந்தையோட நன்மைக்காகச் சொல்றேன்.”

“கீழ பேண்டு ரூம் சும்மாதானே சார் கெடக்குது? ஒண்ணாங் கிளாஸ அங்க வெச்சா...”

“ஸ்கூல் நடத்தறது நீயா, நானா? சும்னிரு, பேசாதே. இந்த மாதிரி காலை வெச்சுக்கிட்டு யாராவது ஒருத்தர் என் கண்ணு முன்னால இந்தப் படி ஏறிக் காட்டட்டும். அப்போ பேர் எழுதறேன்.”

கோபத்தில் விட்ட வார்த்தை. சந்திரம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இன்று காலை யூனிஸ் மரக்காலோடு கேட்டுக்குள் நடந்து வந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சொன்னாள். யூனிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “அப்படியா சொன்னாரு? அதே வார்த்தையா?”

“அதே வார்த்தை மிஸ். நன்மைக்காகன்னு.”

“சரி. ஏறிடலாம்.”

சேர்க்கை ரிஜிஸ்தர் இன்று சாயங்காலத்தோடு மூடுகிறது. காலைக் காணவில்லை.

“நீதானே கடைசியா அந்த ரூம்ல இருந்தே?”

நடைக்கு நடுவே கிருஷ்ணப்பா நின்றிருந்தார். “பித்தளைக் கொக்கின்னு ஆசையா? எங்கே வெச்சிருக்கே?”

சந்திரம்மாவுக்குக் காது மடல் எரிந்தது. ஒன்பது வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருக்கிறது.

“கால் திருடித் தின்ற குடும்பம் இல்ல சார் எங்க குடும்பம்” என்று சொல்லிவிட்டுக் கேட்டை நோக்கி ஓடினாள்.

கேட்டில் வாட்ச்மேன் முனியப்பன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, யாராச்சும் எதுனா எடுத்துட்டுப் போனாங்களா?”

“அந்த மிஸ்ஸைப் பேசக் கூட்டியாந்த சங்கத்து செக்ரட்டரி நோயல் அய்யாதான் கோணிப்பையில சுத்தி நீட்டமா ஒண்ணைக் கார்ல வெச்சாரு. என்னான்னு கேட்டேன், குடைன்னாரு. இன்னா வெயில் அடிக்குது, குடையாம்! கார் போயிடுச்சு. பன்னெண்டு மணிக்குத்தான் திரும்பும்.”

சந்திரம்மா திரும்பி ஓடினாள். டீச்சர்கள் ரூமில் நோயல் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கை வைத்த நாற்காலி ஒன்று, தூக்கிப் போக நான்கு பெரிய பையன்கள்.

“யாரோ எடுத்துட்டாங்க யூனிஸ், என்ன செய்றது? நேரமாச்சு, உட்காரும்மா...”

“யாரோ இல்ல மிஸ்! இவரேதான்! கோணிப்பையில சுத்திக் காருல அனுப்பிச்சுட்டாரு!”

நோயல் மறுக்கவில்லை. அதுதான் சந்திரம்மாவுக்குத் தாங்கவில்லை.

“புரிஞ்சுக்கோ யூனிஸ். போன ஸ்கூல்ல நீ நடந்து வந்து நின்னே. மரக்கால்னு ஒருத்தனுக்கும் தெரியலை. பின்னால உட்கார்ந்து கொட்டாவி விட்டானுங்க. நாற்காலியில தூக்கிட்டு வந்தா ஹாலே அழும். அழுதாத்தான் மனசுல பதியும். உன் நல்லதுக்குத்தான்...”

“பேச்சுல பிராக்கெட் போட்டு, ‘இங்கே கண்ணைத் துடைக்கவும்’னு எழுதிக் குடுத்தீங்க. நானே டைப் அடிச்சேன். அடிக்கும்போதே கை கூசிச்சு” என்றாள் யூனிஸ். குரல் உயரவில்லை. “இப்போ காலையே எடுத்துட்டீங்களா?”

பின்னால் வந்து நின்ற கிருஷ்ணப்பா தொண்டையைச் செருமினார். “போகட்டும், அவர் ஒரு காரணத்தோட செஞ்சிருக்கார்.” இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் தான் திருடி என்று சொன்னது யாரை என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

யூனிஸ் கைப்பையைத் தோளில் மாட்டினாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் படியடிக்கு வந்தாள். சந்திரம்மா ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள்.

“வேண்டாம்மா. நீங்க தாங்கினா, அதான் பார்த்தியான்னு ஹெட்மாஸ்டர் சொல்வாரு.”

முதல் படி. கைப்பிடிக் கட்டையைப் பிடித்து ஒரு எம்பு. இரண்டாவது. மூன்றாவது. மேலே ஹாலின் சத்தம் அடங்கியது. வாசல் வழியாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒன்பதாவது படியில் சேலை தடுக்கியது. நான்கு பையன்களும் பாய்ந்தார்கள். “தொடாதீங்கடா!” என்று ஒரு அதட்டல். நின்றுவிட்டார்கள்.

பதினான்காவது படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். அப்போதுதான் சந்திரம்மா பார்த்தாள். சிலேட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு, உட்கார்ந்தபடியே பின்பக்கமாகப் படிக்குப் படி எம்பி வந்துகொண்டிருந்தாள் ருக்மிணி. பூட்ஸ் ‘டக், டக்’ என்று கல்லில் இடித்தது. யூனிஸைத் தாண்டினாள். இருபத்திரண்டாவது படியில் போய் உட்கார்ந்து, சிலேட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

“வா அக்கா” என்றாள். “அவ்ளோதான் இருக்குது.”

ஹால் சிரித்தது. யூனிஸும் சிரித்தாள். மிச்சம் எட்டுப் படியையும் ஏறி முடித்தாள்.

மேடையில் கிருஷ்ணப்பா முந்திக்கொண்டார். “மாணவர்களே! யூனிஸ் நம் பள்ளியின் பழைய மாணவி. இந்தத் தன்னம்பிக்கையை ஊட்டி வளர்த்தது இந்தப் பள்ளி!”

கைத்தட்டல் அடங்கக் காத்திருந்து யூனிஸ் எழுந்தாள். நோயல் நீட்டிய தாள்களை வாங்கவில்லை.

“பேசறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி சார். ஏறிக் காட்டினா பேர் எழுதறேன்னு சொன்னீங்களாம். ரெண்டு பேர் ஏறியாச்சு.”

கிருஷ்ணப்பா குரலைத் தாழ்த்தினார். முன்வரிசைக்குக் கேட்கத்தான் செய்தது. “சுவல்ப, கொஞ்சம் யோசனை பண்ணம்மா. ஒரு நாள் யாரும் ஏறலாம். தினமும் ஏறணும். விழுந்தா யார் பொறுப்பு? நீ வளர்ந்தவ, அது குழந்தை. குழந்தைங்க விஷயம் வேற.”

சந்திரம்மா வாசலில் நின்றிருந்தாள். ஏறினால் இது, ஏறாவிட்டால் அது. இவர்கள் படியை இன்னும் எத்தனை உயரத்துக்குத்தான் கட்டிக்கொண்டே போவார்கள்?

“என் ஆபீஸ் ரெண்டாவது மாடி சார். தினமும் ஏறித்தான் போறேன்” என்றாள் யூனிஸ். “ஆனா குழந்தைங்க விஷயம் வேறன்னு சொன்னீங்க பாருங்க, அது சரி.”

கைப்பையைத் திறந்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழியத் தொடங்கியிருந்த பழுப்புத் தாள் ஒன்றை எடுத்து முன்வரிசையில் இருந்த பாமாவிடம் நீட்டினாள்.

“டி.சி. தெரியும்தானே? வேற ஸ்கூல்ல சேரணும்னா குடுக்கிற சீட்டு. சேர்ந்துட்டா அந்த ஸ்கூல் வாங்கி வெச்சுக்கும். என்னை எந்த ஸ்கூலும் சேர்த்துக்கலை. அதான் பதிமூணு வருஷமா என்கிட்டயே இருக்கு. வீட்டுல படிச்சேன், டைப்பிங் படிச்சேன். சத்தமா படிம்மா. எல்லாருக்கும் புரியறாப்ல, தமிழ்லயே சொல்லு.”

பாமா எழுந்து நின்று ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள்.

“பெயர், யூனிஸ். வயசு பதினொண்ணு. வகுப்பு, ஆறு. பள்ளியை விட்டு நீக்கும் காரணம்...” கொஞ்சம் தயங்கினாள். “மாடிப்படி ஏற முடியாது. குழந்தையின் நன்மைக்காக.”

ருக்மிணியைப் பிடித்திருந்த சந்திரம்மாவின் கை இறுகியது. திங்கட்கிழமை கேட்ட அதே வார்த்தைகள்.

“தேதி, ஜூன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு” என்று முடித்தாள் பாமா.

“கீழே கையெழுத்து இருக்கும். யாரோடது?”

பாமா தாளைக் கண்ணருகில் கொண்டுபோனாள். பிறகு நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். படித்தவள் பயப்படவில்லை; தெரிந்ததைச் சொன்னாள்.

“இது படிக்கவே வேண்டாம் மிஸ். மாசாமாசம் என் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்ல இருக்கு. நம்ம கிருஷ்ணப்பா சார் கையெழுத்து.”